தினகரன் வயலில் சாகாத புல்!

"கொலை விழும்டா இன்னிக்கு!"

உத்திரமேரூர் கடைத்தெரு அதிர்ந்தது.

டீக்கடையில் கிளாஸ்கள் பாதியில் நின்றன. நல்ல சண்டையை விட்டுவிட்டு டீ குடிக்கிற ஊரா இது!

கத்தியவர் தினகரன். நிலமும் பெரிது, குரலும் பெரிது.

பூச்சிமருந்துக் கடை ஸ்ரீகாந்தின் மேஜையில் ஒரு கட்டுப் புல்லை வேரும் சேறுமாக அறைந்தார். குதிரைவாலிப் புல். நெல்லுக்கு நடுவே நெல் மாதிரியே நின்று ஏமாற்றும் களை.

"களைக்கொல்லி அடிச்சி எத்தினி நாளாச்சு... எப்டி தளதளன்னு கீது பாரு! டூப்ளிகேட் விக்கிறியா?"

"கம்பெனி மருந்துணா... சீலே பிரிக்கல..."

"என் வயலு மட்டுமாடா? இவங்கள கேளு!"

பின்னால் ஒரு கூட்டம். தினகரனே திரட்டி வந்தது. முன்வரிசையில் சொக்கம்மாள்.

"என் நெலத்துலயும் அதே கததான். கடைய இயுத்து மூடு!"

ஸ்ரீகாந்த் வெளிறினான். போலி என்று ஆனால் லைசென்ஸ் போகும்... ஜெயில்! அடுத்த மாதம் கல்யாணம் வேறு. (உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்... பெண் காஞ்சிபுரம்.)

ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் சசிரேகா குதித்தாள். போலீசுக்கு வரும் முன் விவசாயம் படித்தவள்.

"முதல்ல மருந்த சோதிப்போம். ஏரிக்கரைல இதே புல்லு, மருந்தே படாதது இருக்கு. அத வேரோட பிடுங்கி ஒரு பக்கெட்ல நடுவோம். தினகரன் வயல் புல்லு ஒரு பக்கெட். ரெண்டுக்கும் இந்தக் கடை பாட்டில்தான்!"

"நானே அடிக்கிறேன்!" ஸ்பிரேயரைப் பிடுங்கினார் தினகரன்.

ஸ்டேஷன் வாசலில் இரண்டு பக்கெட்டுக்கு ஒரு கான்ஸ்டபிள் காவல்! ஊரே ஏதாவது சாக்குச் சொல்லி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் தீர்ப்பு நாள். வாசலில் அதே கூட்டம்.

ஏரிக்கரைப் புல்... சுருண்டு செத்திருந்தது!

தினகரன் வயல் புல்... கதிர் விட்டுக்கொண்டு நின்றது!

"மருந்து ஒரிஜினல்," என்றாள் சசிரேகா. "எத்தனை வருஷமா இதையே அடிக்கிறீங்க?"

"எப்பவும் இதான் மேடம். நா மாத்தவே மாட்டேன்!" பெருமை வேறு.

"அதான் தப்பு. சாகாம தப்பிச்ச புல்லு விதை கொட்டும். அதோட பிள்ளைங்களுக்கும் அந்த மருந்து ஏறாது. இப்ப உங்க வயல் முழுக்க அந்த வம்சம்தான்."

"அவுரு வயலு வம்சம் என் நெலத்துக்கு எப்டி வந்துச்சி?" சொக்கம்மாள் பாய்ந்தாள். "நா மருந்து அடிக்க ஆரம்பிச்சதே போன வருஷம்!"

"உங்க நெல்ல யார் மெஷின் அறுத்துச்சு?"

"இவருதுதான். மொதல்ல அவரு வயல அறுத்துட்டு, நேரா எங்க..."

சொக்கம்மாள் தினகரனை முறைத்தாள்.

"நடுவுல மெஷின்ல ஒட்டுன புல்லு விதைய கழுவுனீங்களா தினகரன்?"

"டீசல் போடவே நேரமில்ல மேடம்..."

கூட்டம் மெல்லத் திரும்பியது. கடையை உடைக்கக் கிளம்பிய அதே கூட்டம். அதே முகங்கள்... வேறு பக்கம்!

ஸ்ரீகாந்த் முதல் முறையாகச் சிரித்தான். "ணா... வேற மருந்து எட்த்து வெக்கட்டா?"

தினகரன் நழுவி, சசிரேகாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"மேடம்... லாக்கப்பு காலியா கீதா? இவங்க வூடு போற வரைக்கும் என்ன உள்ள வெச்சிப் பூட்டிடுங்க!"