ஜன்னல் பக்கம் ஓடிய வேர்

வெட்டிய புல்லில் புல் வாசனை வரவில்லை. அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து முகர்ந்து பார்த்தாள். இரும்பு வாடை. லேபில் நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு வந்தால், எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே வாடை. கிடைப்பது வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அன்றைக்குமா இது விடாது என்று எரிச்சலாக வந்தது.

எல்லாம் அந்தக் களையால்தான். சாம்பல் பூத்த பச்சையில் பொடி இலைகள், செக்கச்செவேலென்ற தண்டு. பூவும் கிடையாது, காயும் கிடையாது. கணவர் ஏணியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கீழறை ஜன்னலோரம் படுத்த பிறகுதான் அது தலைகாட்டியது. புல்வெளி அவருடைய செல்லப்பிள்ளை. ஒரு களை கண்ணில் பட்டாலும் ஆபீஸ் சட்டையோடு மண்டிபோட்டுப் பிடுங்குகிற மனுஷர். இப்போது அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. இன்றைக்குப் பிடுங்கினால் நாளைக்கு அதே இடத்தில், அதே உயரத்தில், அவளைக் கேலி செய்வது போல நிற்கும்.

பெயர் தெரிந்தால் அதற்கான மருந்தை வாங்கிவிடலாம். படம் எடுத்துப் போட்டால் செடியின் பெயரைச் சொல்கிற செயலி ஒன்று இருப்பதாக நாத்தனார் போனில் சொன்னாள். இலையைக் காட்டினால் ஏதோ கீரை என்றது. தண்டைக் காட்டினால் அழகுக்கு வளர்க்கும் கொடி என்றது. வேரோடு பிடுங்கி வெள்ளைத் தட்டில் கிடத்திக் காட்டியபோது, படத்தில் செடி எதுவும் இல்லை என்றது. அவள் போனைச் சோபாவில் வீசினாள்.

நர்சரிக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இலையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"பாத்த மாதிரியும் இருக்கு, பாக்காத மாதிரியும் இருக்கு மேடம்."

"பேரு என்னங்க?"

"பேரு எதுக்கு, கூப்பிட்டு விருந்து வைக்கப் போறீங்களா? இந்த மருந்தைத் தெளிங்க, ஓடிடும்."

தெளித்தாள். சுற்றியிருந்த புல் கருகி வைக்கோலானது. களைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று முழுக்கக் கணவர் போர்வைக்குள் நெளிந்துகொண்டே கிடந்தார்.

"உடம்பெல்லாம் எரியுதும்மா. அந்த மருந்து இனிமே வேணாம்."

வலி மாத்திரையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவள் அதை நிறுத்திவிட்டாள்.

களையோடு மல்லுக்கட்டியது போதாதென்று அவரோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வைத்த சாப்பாடு வைத்தபடியே ஆறிக் கிடக்கும். தண்ணீர் மட்டும் பாட்டில் பாட்டிலாக உள்ளே போகும். போர்வையை மாற்றவும் விடமாட்டார்.

"கட்டுப் பிரிக்க டாக்டர் வரச் சொல்லியிருக்காரு. கிளம்பலாமா?"

"இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. நான் ஒருத்தி லேபைப் பாப்பேனா, உங்களைப் பாப்பேனா, அந்தப் பாழாப்போன தோட்டத்தைப் பாப்பேனா? எந்திரிச்சு நடக்கணும்கிற நெனப்பே இல்லையா உங்களுக்கு?"

"இங்கயே நல்லா இருக்கு" என்றார், கூரையைப் பார்த்துச் சிரித்தபடி. அந்தச் சிரிப்புதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வெயில் தாழ்ந்ததும் களைக்கொத்தையும் பெரிய கத்தரியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற வீம்பு. பக்கத்து வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தமும் தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தமும் கேட்டுக்கொண்டிருக்க, அவள் ஈர மண்ணைக் கொத்திக் கொத்திப் புரட்டினாள். வேர் கீழே போகவில்லை. பக்கவாட்டில் போயிற்று. இன்னொரு செடியைத் தோண்டினாள். அதுவும் அப்படியே. வேலியோரம் முளைத்ததும், வாசல் படியோரம் முளைத்ததும், எல்லாமே ஒன்றோடொன்று பின்னிப் பருத்து, சுவரை நோக்கி ஓடி, ஜன்னலுக்குக் கீழே இருந்த விரிசலுக்குள் நுழைந்திருந்தன.

ஒன்றைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா" என்றார் உள்ளேயிருந்து.

படுத்த இடத்திலிருந்து வேடிக்கை வேறு. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள், நாலு வார்த்தை கேட்டுவிடலாமென்று. திரை மூடியிருந்தது.

மறுபடி இழுத்தாள். கொஞ்சம் பலமாக.

"ஐயோ! சொல்றேன்ல!"

அவள் கை நின்றது. பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தமும் நின்றிருந்தது. அவர் கத்தியது தற்செயல்தான். வேறு என்னவாக இருக்கும்? இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்கு இதற்கும் பயந்தால் எப்படி என்று தன்னையே திட்டிக்கொண்டு, விரிசலுக்கு அருகே விரல் பருமனில் இருந்த வேரைக் கத்தரிக்கு நடுவே கொடுத்து அழுத்தினாள். பாதிதான் அறுந்தது. அறுந்த இடத்தில் கருஞ்சிவப்பாகக் கசிந்தது. அந்த வாடை குப்பென்று ஏறியது.

வேரைப் பிடித்திருந்த இடக்கையில் ஏதோ தட்டியது. விட்டு விட்டு. நிதானமாக.

ஆயிரம் பேர் கையைப் பிடித்த விரல்கள் அவளுடையவை. அது என்னவென்று அவற்றுக்குத் தெரிந்தது.

கத்தரியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். விளக்கைப் போட்டாள். கணவர் வெளுத்துப் போயிருந்தார். மணிக்கட்டைப் பிடித்தாள். ஒன்றுமில்லை. விரலை நகர்த்தி அழுத்தினாள். ஒன்றுமில்லை. கழுத்தில் வைத்தாள். தோல் மண் போலக் குளிர்ந்திருந்தது. அங்கும் ஒன்றுமில்லை.

அவர் கண்ணைத் திறந்தார்.

"அங்க போய்த் தேடு" என்றார். "ஒழுகிட்டே இருக்கு. சீக்கிரம்."

அவள் போர்வையை விலக்கினாள். மாவுக்கட்டு நெடுக வெடித்திருந்தது. உள்ளே கால் என்று சொல்ல எதுவும் இல்லை. வெள்ளை வேர்கள். மெத்தையைத் துளைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் இறங்கி, சுவருக்குள்.

கட்டிலில் அவர் முகம் காகிதம் போல ஆகிக்கொண்டிருந்தது. உதடுகள் நீலம் பாய்ந்துகொண்டிருந்தன. இந்த மனுஷரோடுதான் இத்தனை நாள் சண்டை போட்டாள். இந்த மனுஷரைத்தான் அறுத்திருக்கிறாள்.

வெளியே ஓடினாள். மண்ணில் விழுந்து வேரைத் துழாவிப் பிடித்தாள். வெட்டுவாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ஊசியை உருவியதும் அழுத்துவது போல. சூடாக இருந்தது. மெல்ல மெல்லக் கசிவு நின்றது.

"அப்பாடா" என்றது ஜன்னல் பக்கமிருந்து குரல். "இப்பதான் உயிரே வந்துச்சு."

ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். போன் சோபாவில் இருக்கிறது. கையை எடுத்தாள்.

வரவில்லை.

இழுத்தாள். நகத்துக்கு அடியில் சுருக்கென்றது. மயிரிழை போல வெள்ளையாக ஏதோ உள்ளே போய்க்கொண்டிருந்தது. வலிக்கவில்லை. குளுகுளுவென்றிருந்தது. நாக்கு மட்டும் வறண்டது. தண்ணீர். நிறையத் தண்ணீர்.

விரலுக்குள் இரண்டு துடிப்புகள். ஒன்று நிதானமாக. ஒன்று படபடவென்று, அவளுடையது.

காற்றே இல்லை. புல்வெளி முழுக்க அந்தப் பொடி இலைகள் ஏறி இறங்கின, ஏறி இறங்கின.

படபடப்பு தணிந்தது. தணிந்துகொண்டே வந்தது.

பிறகு ஒரே துடிப்பு.