ஏழாம் அறையின் புகை

படகை விட்டு இறங்கியதும் லிடோம் ஓட்டமும் நடையுமாகக் கரையேறினாள். மூன்று மாதம் அடுப்பு எரியாத அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். முப்பது குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அந்த நீளவீட்டின் கட்டுப்பாடு அது. பிந்துலு நகரத்துப் பலகை ஆலைக்கு வேலைக்குப் போனவள் ஊர்ப்பக்கம் வந்து ஐந்து மாதம். அறை போனால் அவளுக்கும் மகளுக்கும் சொந்தமென்று ஒரு சுவர்கூடக் கிடையாது.

பொதுக்கூடத்தில் தலைவர் டுங்காட் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஆறு பெருகிப்போச்சு, வர முடியல. என் அறையைப் பறிச்சுடாதீங்க."

கிழவர் சிரித்தார். "டவுனுக்குப் போனா புத்தி இப்படியா மழுங்கும்? தினம் விடியுறப்ப உன் கூரையிலதான் மொதல்ல புகை வருது. அடுப்பு மூட்ட யாரைடி வச்சிருக்கே? சொல்லி வை. அடுப்பு எரிக்கிற கைக்குத்தான் அறை."

அவள் யாரையும் வைக்கவில்லை. இருந்தது ஒரே சாவி, அது அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

ஏழாம் அறையின் பூட்டு துருவேறிக் கிடந்தது. மல்லுக்கட்டித்தான் திறந்தாள்.

உள்ளே ஆற்றுச்சேற்று வாடை. அடுப்புச் சாம்பலில் கை வைத்தாள்.

சுட்டது.

பக்கத்தில் சீவிய சுள்ளிகள். எல்லா வெட்டும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த வீட்டிலேயே இடக்கையால் கத்தி பிடித்தவன் அவள் தம்பி சவாய் ஒருவன்தான்.

பெற்றவர்கள் போனபிறகு இந்த அறைக்காக இருவரும் அடித்துக்கொள்ளாத நாளில்லை. இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மழைச் சாயங்காலம் குடித்துவிட்டு வந்தவனின் பாயைத் தூக்கி வெளியே எறிந்தாள். "சாவி என்கிட்ட. நீ வெளிய படு" என்று கதவைச் சாத்தினாள். கோபத்தில் படகை எடுத்துக்கொண்டு ஆற்றில் போனான். படகு மட்டும் திரும்பியது.

பாவி, நான்தான் அவனைக் கொன்றேன் என்று எத்தனை தடவை தனக்குள் அழுதிருப்பாள்! ஆனாலும் அறை வேண்டும். மகளுக்கு வேண்டும்.

"மன்னிச்சுடுடா" என்று முணுமுணுத்தபடி அந்தச் சாம்பலை அள்ளிச் சன்னல் வழியே கொட்டினாள். தன் கையால் தீ மூட்டப் பார்த்தாள்.

பிடிக்கவில்லை.

தீப்பெட்டியிலிருந்த குச்சியெல்லாம் தீர்ந்தது. தலைவர் அறையில் ஒரு கொள்ளி வாங்கலாமென்று வாசலைத் தாண்டினாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினாள், அசையவில்லை. கழுத்தைத் தடவினாள். ஈரக் கயிறு மட்டும் இருந்தது.

உள்ளே சரக், சரக்கென்று சுள்ளி சீவும் சத்தம்.

"அட, அதுக்குள்ள பத்தவச்சுட்டியா?" தலைவர் கூடத்துக் கோடியிலிருந்து சத்தம் போட்டார். "புகை வருது பாரு! அறை தப்பிச்சுது, போ!"

கதவிடுக்கில் மெல்லிய குரல் வந்தது.

"சாவி என்கிட்ட, அக்கா."

லிடோம் பின்வாங்கினாள். காலடியில் ஏதோ சில்லிட்டது. குனிந்தாள்.

அவள் அன்று தூக்கி எறிந்த பாய். ஒருவர் படுக்கிற மாதிரி ஒழுங்காக விரித்திருந்தது. அதிலிருந்து ஆற்றுத் தண்ணீர் பலகை இடுக்கு வழியே சொட்டிக்கொண்டிருந்தது.