பூட்டிய அறையில் படுத்த மோட்டார்

"அந்தம்மாவை இன்னிக்குச் சாயங்காலம் வேலையை விட்டு அனுப்பப் போறேன். உத்தரவு டைப் அடிச்சாச்சு, கையெழுத்துதான் பாக்கி. அதுக்கு முன்னாடி எப்படிப் பண்ணினாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

வந்தவர் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். உட்காரக்கூட இல்லை. எதிரே இருந்த துப்பறிவாளரோ, வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வரும் ரகம். அதனால் எல்லோரும் அவரை 'நிதானம்' என்றே அழைத்தார்கள். கூடவே திரியும் மைத்துனனுக்கு என்ன பெயர் என்று சொல்லவும் வேண்டுமா? 'அவசரம்'.

"யாரு? எதைப் பண்ணினாங்க?" என்றார் நிதானம்.

"ஆய்வக உதவியாளர். எங்க ஆய்வகத்துல பிள்ளைங்களுக்குக் காட்ட ஒரு பெரிய மாதிரி மோட்டார் இருக்கு. ரெண்டு காந்தம், நடுவுல ஒரு செம்புக் கம்பிச் சுருள். பாட்டரி கொடுத்தா சுத்தணும். காலையில சுவிட்சைப் போட்டா படுத்துக்குது! பிள்ளைங்க சிரிக்குது. அந்தம்மா வந்து துணியால ரெண்டு தட்டு தட்டினா ஜம்முனு ஓடுது. அப்போ கெடுத்து வைக்கிறதும் அவங்கதானே? வேலியே பயிரை மேய்ஞ்சா நான் யாரைத்தான் காவல் வைக்கிறது?"

"சாவி யார்கிட்ட?"

"இயற்பியல் வாத்தியார் மாற்றலாகிப் போனதும் நானே வாங்கி வெச்சுக்கிட்டேன். அன்னிலேர்ந்துதான் இந்தக் கூத்து. நான் வரலாறு எடுக்கிறவன், எனக்கு இதெல்லாம் தேவையா? தினமும் சாயங்காலம் நானே ஓட்டிப் பார்த்து, அணைச்சு, பூட்டிட்டுப் போறேன். சாவி என் சட்டைப் பையில!"

பேசிக்கொண்டே அவர் மேசை மேல் கிடந்த செய்தித்தாளை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தார். பேனாவை அதற்கு இணையாக வைத்தார். பிறகு நடந்துபோய்ச் சுவரில் சாய்ந்திருந்த காலண்டரை நிமிர்த்தினார்.

"சார், அது எப்பவும் அப்படித்தான்!" என்று அவசரம் பல்லைக் கடித்தான். "மாமா, மாத்துச் சாவிதான். வாங்க போய்ப் பிடிக்கலாம்."

நிதானம் செருப்பைத் தேடினார்.

ஆய்வகத்தில் கண்ணாடி ஜாடிகள் எல்லாம் பெயர்ச்சீட்டை முன்பக்கம் காட்டிக்கொண்டு வரிசையாக இருந்தன. ஸ்டூல்களும் கோடு கிழித்ததுபோல் நின்றன. ஜன்னல் கம்பிகளை அவசரம் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. தொட்டியருகே கையில் துடைக்கும் துணியோடு ஆய்வக உதவியாளர் நின்றிருந்தாள். அழுது முடித்து, அழுகை போய் எரிச்சல் வந்திருந்த முகம்.

"எத்தனை தடவை சார் சொல்றது? நான் தூசி தொடைக்கிறேன், அது ஓடுது. ஏன் ஓடுதுன்னா எனக்கென்ன தெரியும்? ஓட வெச்சதுக்கா ஒருத்தியை வீட்டுக்கு அனுப்புவாங்க? என் பையன் படிப்பு பாதியில நிக்குது."

"கண்டுபிடிச்சுட்டேன்!" அவசரம் துள்ளினான். "துணிக்குள்ள காந்தம் இருக்கு மாமா!"

அவள் துணியை அவன் முகத்துக்கு நேராகவே உதறினாள். தூசிதான் இருந்தது. அவன் தும்மி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நிதானம் சுவிட்சைப் போட்டார். மோட்டார் அசையவில்லை. காந்தங்கள் இடமும் வலமும் இருக்க, நடுவே சுருள் மேலும் கீழுமாக, விறைப்பாக நின்றது.

"இன்னிக்கு இதை யாராவது தொட்டாங்களா?"

"தொட விடுவேனா? தடயம் கலைஞ்சுடாதா?" என்றார் தலைமையாசிரியர்.

"சரி. நேத்து அணைச்ச பிறகு என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திட்டுப் பூட்டினேன்."

"எல்லாத்தையும்னா?"

"ஜாடி, ஸ்டூல், இந்தச் சுருள். அது தினமும் கோணலாத்தான் நிக்கும். நான்தான் நட்டமா நிறுத்திட்டுப் போவேன். கண்ணை உறுத்தாதா பின்ன?"

அவசரமும் வந்து சுருளை எட்டிப் பார்த்தான்.

"சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா சார்?" என்று கேட்டார் நிதானம். "ஒரு மிதி நேர் மேல, இன்னொண்ணு நேர் கீழ. அப்போ மேல் மிதியை அமுக்கினா வண்டி கிளம்புமா?"

"கிளம்பாது. மிதி கொஞ்சம் முன்னாடி வரணும்."

"அதேதான். மின்சாரம் ஓடுற கம்பியைக் காந்தம் தள்ளும். சுருள் படுத்த வாக்குல இருந்தா ஒரு பக்கத்தை மேல தள்ளும், மறுபக்கத்தைக் கீழ தள்ளும். சுத்திடும். நட்டமா நின்னா, மேல இருக்கிற கம்பியை மேலயே இழுக்கும், கீழ இருக்கிறதைக் கீழயே இழுக்கும். எவ்வளவு இழுத்தாலும் திருப்பாது."

அச்சிலிருந்த பித்தளை வளையத்தைப் பென்சிலால் காட்டினார். "இதை ரெண்டு பாதியா வெட்டியிருக்காங்க பாருங்க. ஒவ்வொரு அரைச் சுத்துக்கும் மின்சாரத்தைத் திருப்பி விடுறது இதோட வேலை. இல்லன்னா சுருள் ஊஞ்சல் மாதிரி ஆடி நின்னுடும். நீங்க நட்டமா நிறுத்தினா, மின்சாரம் கொடுக்கிற தகடுங்க சரியா அந்த வெட்டு மேல வந்து உக்காருது. உள்ள மின்சாரமும் போகல."

தலைமையாசிரியர் விடுவதாக இல்லை. "ஓடும்போதும் அந்த இடத்தைத் தாண்டித்தானே போகணும்? அப்போ ஏன் நிக்கல?"

"ஓடுற சைக்கிள் நிக்குதா? வந்த வேகத்துல தாண்டிடும். நின்னுக்கிட்டிருக்கிறதுக்கு ஏது வேகம்? இந்தம்மா தூசி தட்டும்போது சுருள் கொஞ்சம் திரும்புது. அவ்வளவுதான் மந்திரம்." நிதானம் பென்சில் முனையால் சுருளை லேசாகச் சாய்த்தார். மோட்டார் கரகரவென்று சுற்றத் தொடங்கியது.

"வேலி யாருன்னு தெரிஞ்சுபோச்சு மாமா" என்றான் அவசரம்.

தலைமையாசிரியரின் காது சிவந்தது. பையிலிருந்து உத்தரவை எடுத்து, நடுவே மடித்து, நகத்தால் நீவி, மடிப்பு பிசகாமல் இரண்டாகக் கிழித்தார். இரண்டு துண்டையும் மேசை விளிம்புக்கு இணையாக வைத்தார்.

"தப்பு என்னுதுதாம்மா. ஒரு பாவமும் அறியாதவங்களைப் போட்டு..." உண்மையான வருத்தம்தான், ஆனால் வருத்தத்தோடு வருத்தமாக அவர் மோட்டாரை அணைத்தார். சுருள் சுற்றி ஓய்ந்து கோணலாக நின்றது. அவர் கை தானாக அதை நோக்கி நீண்டது.

"சார்!" அவள் போட்ட சத்தத்தில் ஜாடிகள் அதிர்ந்தன. "கையை எடுங்க!"

தலைமையாசிரியர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த சாவியைக் காட்டி, உள்ளங்கையை நீட்டினாள்.

அவர் கொடுத்துவிட்டார்.