எழுத்தே இல்லாத மெயில்

அந்த மெயிலில் ஓர் எழுத்துகூட இல்லை. அளவு பூஜ்யம் என்று சர்வரின் பதிவேடான லாக் சொன்னது. இருந்தும் அதைப் பெற்றவர் திறந்து பார்த்திருந்தார்.

மெயில் சர்வரைக் கண்காணிப்பதுதான் அவள் வேலை. அந்த நான்கு மாடிக் கட்டிடத்தில் யார் யாருக்கு எத்தனை மணிக்கு எழுதுகிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. என்ன எழுதுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. 'விஷயம் தெரியாத வம்புக்காரி' என்று கீழே வரவேற்பில் உட்காரும் தங்கை கிண்டலடிப்பாள். மனிதர்கள் புளுகுவார்கள், லாக் புளுகாது என்பது இவள் கட்சி.

சர்வர் அறையில், ஏசியின் உறுமலுக்கும் சூடேறிய ஒயர்களின் கருகல் வாடைக்கும் நடுவே, விறைத்துப்போன விரலால் வரிவரியாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். அந்த வெற்று மெயிலைக் கணக்காளர் ஸ்டோர்கீப்பருக்கு அனுப்பியிருந்தார். ஏழு நிமிடம் கழித்து ஸ்டோர்கீப்பர் அதையே கொள்முதல் பிரிவில் இருக்கும் அவள் கணவனுக்கு அனுப்பியிருந்தார். நிமிடத்துக்கொரு மெயில் தட்டுகிற கணக்காளரிடமிருந்து அதன்பின் ஒன்றுமே இல்லை. கீழ்த்தளத்தில் யாரோ எதையோ ஓங்கி ஓங்கி அடிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

கதவு திறந்தது. கணவன். சட்டை முழுக்க ரத்தம்.

"என்னங்க! எங்க அடிபட்டுச்சு?"

"இது என் ரத்தம் இல்ல." நாற்காலியில் சரிந்தான். "ஸ்டோர்கீப்பர் அனுப்பின மெயிலைத் தொறந்தேன். அவ்வளவுதான் ஞாபகம். பார்த்தா அவர் மண்டை சிதறிக் கிடக்கு, என் கையில பேப்பர் வெயிட்டு. பக்கத்துல கணக்காளர், அவர் கழுத்துல கத்தரிக்கோல். தொறக்கிறவங்க, அனுப்பினவங்களைக் கொன்னுடுறாங்கம்மா. உனக்கும் அனுப்பிட்டேன். கை தானா அனுப்பிடுச்சு. தொறக்காதே."

பன்னிரண்டு வருஷமாகக் கூட வாழ்ந்த மனிதன். இவன் இல்லாமல் அவளால் முடியாது. திறக்காமலே, சர்வரில் வைத்தே அந்த மெயிலை அழித்தாள்.

"போயிடுச்சுங்க. இனிமே பயமில்ல."

பதில் இல்லை. அழுகிறான் போலிருக்கிறது என்று நினைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று லாக்கைப் பார்த்தாள்.

3.42. கணவனிடமிருந்து அவளுக்கு. திறக்கப்பட்டது.

3.49. அவளிடமிருந்து தங்கைக்கு. திறக்கப்பட்டது.

அழித்ததாக ஒரு வரியும் இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் 3.51.

உள்ளங்கை எரிந்தது. தோல் உரிந்திருந்தது. மெல்லத் திரும்பினாள்.

கணவனின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. நாக்கு வெளியே. கழுத்தில் கறுப்புக் கேபிள், மூன்று சுற்று. மறுமுனை அவள் இடது கையில் இறுகச் சுற்றியிருந்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஓடவில்லை. நிதானமாக ஏறியது.

கதவைத் தாழிட எழுந்தாள். கேபிள் விடவில்லை. இழுத்தாள். நாற்காலியும் அவனுமாகக் கூடவே வந்தார்கள்.

"அக்கா..."

வாசலில் தங்கை. இரண்டு கையிலும் தீயணைப்புக் கோடரி. அந்தக் கண்கள் யாரையும் அடையாளம் காணவில்லை.