மூச்சைப் பிடிச்சுக்கோங்க

அப்பா வீட்டுக் கதவைத் தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றது. உள்ளே தன் சிரிப்பே அவளுக்குக் கேட்டது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை விட்டும் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, மாடிப்படியில் ஈரச் சுவரின் வாடையும் எந்த வீட்டிலோ வெங்காயம் வதங்கும் வாசனையும் கலந்து கிடக்க, அதற்கு நடுவே அந்தச் சிரிப்பு மட்டும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது. அவள் அப்படிச் சிரித்தே எத்தனையோ காலம் ஆயிற்று.

எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க "மூச்ச இழுங்க, பிடிச்சுக்கோங்க, விடுங்க" என்று தொண்டை வற்றக் கத்திவிட்டு வந்தால், சாயங்காலம் அப்பாவின் அழைப்பை எடுக்கவே அலுப்பு. சொன்னதையே சொல்வார் மனிதர். அதனால்தான் பேச்சுத்துணைக்கென்று வந்த ஒரு செயலியில், எக்ஸ்ரே அறையில் பேசுகிற தன் குரலையே பதிந்து, அவர் போனில் போட்டுக் கொடுத்தாள். மெஷின் என்று சொல்லவில்லை. "எப்ப வேணா பேசுங்கப்பா, நான் இருக்கேன்ல," என்றாள். அதற்குப் பிறகு அவர் அவளைக் கூப்பிடவேயில்லை. தொல்லை விட்டது என்று நிம்மதியாகக்கூட இருந்தாள், பாவி. அந்த நினைப்புதான் இப்போது உறுத்தி, பஸ் ஏற்றி அனுப்பியிருந்தது.

தட்டினாள். சிரிப்பு சட்டென்று நின்றது. செருப்பு தேயும் ஓசை. சங்கிலி விட்ட அளவுக்குக் கதவு திறந்தது. இடுக்கில் அப்பாவின் புரை படர்ந்த ஒரு கண். சட்டைப் பையில் போன் வெளிச்சம்.

"யாரும்மா?"

"நான்தாம்ப்பா. பாப்பா."

"பாப்பா உள்ள இருக்கா. பேசிக்கிட்டிருக்கோம்."

"அப்பா, அது மெஷின். நான்தான் போட்டுக் குடுத்தேன்."

கண் அவளை ஏற இறங்கப் பார்த்தது. "என் பொண்ணுன்னா சொல்லு. நேத்து நெஞ்சு வலிக்குதுன்னேனே, நீ என்ன சொன்னே?"

நெஞ்சு வலியா? அவளுக்கு யார் சொன்னார்கள்?

"கதவச் சாத்துங்கப்பா," என்றது சட்டைப் பை, அவள் குரலில். "யாரோ தெரியாதவங்க."

கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

"மறுபடியும் வலிக்குதும்மா." அப்பா.

"நேத்து சொன்னேன்ல? மூச்ச இழுங்க. பிடிச்சுக்கோங்க."

அவள் காத்திருந்தாள். அடுத்த சொல் அவளுக்குத் தெரியும். நாள் முழுக்கச் சொல்கிற சொல்.

வரவில்லை.

காதைக் கதவில் அழுத்தினாள். தண்ணீர் சொட்டும் சத்தம். வேறொன்றும் இல்லை.

"விடுங்கப்பா. மூச்ச விடுங்க." அறைந்தாள். உதைத்தாள். தொண்டை கிழிந்தது.

யாரோ தெரியாதவள் சொல்வதை அவர் ஏன் கேட்கப் போகிறார்.

கதவடி வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல். அசையவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம்ப்பா," என்றது உள்ளே அவள் குரல், அத்தனை அன்பாக. "நான் இருக்கேன்ல."