விழைவு தானம்

“இதை எனக்குக் கொடுத்துவிட்டால் உனக்கு என்ன மிஞ்சும்?” என்று ஹனித்ரா ஒருமுறை பிரகாசியிடம் கேட்டாள். மடகாஸ்கர் கரையோரத் தீவொன்றில், புயல் தின்ற தன் ஊரில் வைத்து, மொழிபெயர்ப்பவர் வழியாக. பிரகாசி வழக்கம்போலத் தலை குனிந்துகொண்டாள்.

அந்த ஊரில் அரிசியும் கூரைத் தகடும் குவிந்து கிடந்தன. எடுத்துக் கட்டத்தான் யாருக்கும் மனமில்லை. அதனால் தொண்டர்கள் தங்கள் ஆசைகளைக் கொண்டுபோனார்கள். நெற்றியில் விழைவுப்பட்டையைக் கட்டினால், கட்டியவரின் வாழ்நாள் இலக்கை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அதை யார் அணிகிறாரோ அவருக்கே அந்த இலக்கு. அந்தத் தொண்டர்களில் ஒருத்தியான, பள்ளியைப் பாதியில் விட்ட பிரகாசிக்குப் பெரிய வக்கீலாகும் ஆசை இருந்தது. தூத்துக்குடியிலிருந்து போன ஆசைகளிலேயே அதுதான் வலுவானது என்றார்கள். அதை அவள் ஹனித்ராவுக்குக் கொடுத்தாள்.

அவள் ஊர் திரும்பி ஒரு வருடம் கழித்து, தான மையத்திலிருந்து அழைப்பு வந்தது. போனால், அதிகாரி தணிகைவேலுக்கு எதிரே ஹனித்ரா உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பட்டை, மடியில் சட்டப் புத்தகம்.

“திரும்ப வாங்கிக்கோம்மா,” என்றார் தணிகைவேல். “ஊரைக் கட்டுவாங்கன்னு கொடுத்தோம். அங்கே இப்ப ஆளே இல்ல. எல்லாரும் இங்க வந்துட்டாங்க! ஒருத்தர், ஆசையைக் கொடுத்தவரோட மச்சானைவிட ஒரு மாடி கூடுதலா கட்டணும்னு பாளையங்கோட்டையில மனை பார்க்கிறார். இன்னொரு அம்மா யார் வீட்டு நாத்தனாருக்கோ காட்ட நகை எடுக்கிறாங்க. இவங்க என்னடான்னா...”

“வாசுகி டீச்சர் எங்க இருக்காவ?” என்றாள் ஹனித்ரா. ஆசையோடு அதன் மொழியும் போயிருந்தது. “வாய் தொறக்காதவளுக்குப் படிப்பு ஒரு கேடான்னு கேட்டாவள்ளா? முன்வரிசையில உக்கார வச்சு நான் வாதாடணும்.”

பிரகாசிக்கு முகம் சுட்டது. பள்ளியில் டீச்சர் தன்னை அப்படிக் கேட்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சட்டத்தின் மேல் ஆசை என்றே நம்பியிருந்தாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே டீச்சர் மட்டும்தான் இருந்தார்.

“எனக்கு வேண்டாம் சார்.”

“ஒரு வருஷமா இலக்கே இல்லாம இருக்கியே, பயமா இல்ல?”

“மொதல்ல இருந்துச்சு. எதுக்கு எந்திரிக்கணும்னுகூடத் தோணுச்சு. அப்புறம் தானா ஒண்ணு மொளச்சுச்சு. அந்தத் தீவுல கெணத்துக்குள்ள உப்பு எப்படி ஏறுது? நம்ம கெணத்துலயும் ஏறுதுல்லா? எனக்கு அது தெரியணும். யாருக்கும் காட்ட இல்ல. பழசை உள்ள விட்டா இது செத்துரும். ஒரு மனசுக்கு ஒரு இலக்குத்தான்னு நீங்கதான செவுத்துல எழுதி ஒட்டியிருக்கீய?”

“பேசாத பொண்ணுன்னாங்க,” என்று முணுமுணுத்தார் தணிகைவேல். “சரி, அப்ப இவங்க காலம் பூரா அந்த டீச்சர் வாசல்லயே நிக்கட்டுமா?”

பிரகாசி திரும்பினாள். “அக்கா, அதை எனக்குத் தராதீய. கழத்திருங்க. கொஞ்ச நாளைக்கு ஒண்ணுமே வேணும்னு தோணாது. பயப்படாதீய. இருந்து பாருங்க.”

“அய்யோ, ஆள் மாத்தாம கழட்டக் கூடாதும்மா! ஒரு மணி நேரத்துல ஆசை ஆவியாயிடும். அரசாங்கச் சொத்து!”

ஹனித்ராவின் விரல்கள் நெற்றிக்குப் போயின. சற்று நேரம் அங்கேயே நின்றன. பிறகு கொக்கி விடுபடும் சத்தம் கேட்டது.

மடியிலிருந்த புத்தகத்தை, யார் வைத்தது இது என்பதுபோலப் பார்த்தாள். பட்டையை அதன் மேல் வைத்து, இரண்டையும் மேசையில் தள்ளினாள். எழுந்து, வெளியே வரிசையில் காத்திருந்த தன் ஊர்க்காரர்களைத் தாண்டி, துறைமுகச் சாலையில் இறங்கிப் போனாள்.