அலை உயரம் சொன்ன குரல்

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள், என் செல்லங்களே. பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். மரக்காணத்து உப்பளத்தில் பட்டப்பகலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அன்று காலையிலிருந்தே கீபோர்டு ஈரமாக இருந்தது. திரௌபதி துடைக்கத் துடைக்க, எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாக உப்புப் பூத்தது. சுனாமி வந்துபோய் ஆறு மாதம். உப்பளத்தை ஒட்டிய அந்த ஒற்றை அறைதான், கடலுக்குப் போகிறவர்களுக்குக் கூரை ஒலிபெருக்கியில் அலை உயரம் சொல்லும் தகவல் மையம். முன்பு சொன்னவன் அவள் புருஷன் அப்பாதுரை. கடல் கொண்டுபோய்விட்டது, உடம்புகூடக் கிடைக்கவில்லை. இப்போது அந்த வேலை அவளுக்கு. அவன் கடைசியாகப் பதிந்த குரல் மட்டும் கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைப் புதிதாகப் போட்ட பிறகு அது ஓடவில்லை; அதை ஓடவைக்கும் ஏதோ ஒரு லைப்ரரி ஃபைல் இல்லை என்றது. மகள் அப்பன் குரலை மறந்துவிடுவாளோ என்பதுதான் திரௌபதியின் பயமெல்லாம்.

புதுச்சேரியிலிருந்து மெஷின் பார்க்க வரும் கண்ணாயிரத்துக்குப் போன் போட்டாள். அந்த லைப்ரரி எந்த மென்பொருள் பேக்கேஜுக்குள் இருக்கிறது என்று மெஷினையே கேட்கும் கட்டளையை அவன் எழுத்தெழுத்தாகச் சொன்னான்.

“அக்கா, பேக்கேஜ் ஏத்துறப்ப பழசுல எதத் தூக்கியெறியப்போறேன்னும் ஒரு லிஸ்ட் காட்டும். நீங்கதான் எதக் கேட்டாலும் சரின்னு ஒய் தட்டுற ஆளாச்சே. படிச்சிட்டுத் தட்டுங்க.”

மேசைக்கடியில் நான்கு வயது மகள் அஸ்வினி சோவிகளை டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள். கலகல. கலகல. வெளியே பாத்திகளில் வெயில் வெள்ளையாய்க் கண்ணைக் குத்த, சாத்திய ஜன்னலையும் மீறி, நாள்பட்டு ஊறிய வலையின் நாற்றம் அறைக்குள் மெல்ல மெல்ல நிறைந்தது.

தேடல் ஒரே ஒரு பேக்கேஜைக் காட்டியது.

அப்பாதுரை.

ஆங்கிலச் சிறு எழுத்தில் அவன் பெயர். எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பானே, அவனே செய்துவைத்ததாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அதை மெஷினில் ஏற்றச் சொல்லித் தட்டினாள். வரிகள் ஓடின. தொடரலாமா என்று கேட்டது. பழக்கத்தில் விரல் ஒய் தட்டிவிட்டது.

அப்புறம்தான் கண் மேலே போனது.

புதிதாக வருவது: அப்பாதுரை.

நீக்கப்படுவது: அஸ்வினி.

இருபது சதவீதம். சோவிச் சத்தம் மெலிந்தது. நிறுத்தத் தட்டினாள், உப்பு இறுகிய எழுத்துகள் அமுங்கவில்லை. ஐம்பது. பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

“பாப்பா, வெளிய வாடி.”

தொண்ணூறு. சோவிச் சத்தம் நின்றுபோனது.

நூறு.

கூரை ஒலிபெருக்கி கரகரத்தது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல், நிதானமாக, அப்பாதுரை.

“அலை உயரம் ரெண்டு மீட்டர். பாப்பா எங்கிட்ட வந்துட்டா. இனிமே என் குரல மறக்கமாட்டா.”

அதன் பின்னால், உப்பளம் முழுக்க, கலகல. கலகல.

குனிந்தாள். மேசைக்கடியில் தரை காய்ந்து கிடந்தது. சின்னப் பாதங்கள் இரண்டு இருந்த இடத்தில் மட்டும், பாதத்தின் அளவுக்கு, உப்புப் பூத்துக்கொண்டிருந்தது.

போய்வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சத்தம் என்றைக்கும் உங்கள் வீட்டுக்குள்ளேயே கேட்கட்டும்.